பங்குனியில் நட்டவை

பங்குனி பிறந்தாயிற்று. வேம்பு இலை கொட்டுகிறது.

கல்லூரி வாசலில் இரண்டு வேம்பு. ஒன்று மொட்டையாக நிற்கிறது. மற்றது இன்னும் கரும்பச்சை. ஒரே மண், பத்தடி இடைவெளி. ஏன் இப்படி? தாவரவியல் வாத்தியாரைக் கேட்க வேண்டும்.

சிவகிரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இப்போது ஒரு கல்லூரி வந்துவிடுகிறது. வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், ராஜபாளையம். காலை ஏழரைக்கு பஸ் நிறுத்தத்தில் பாதிக் கூட்டம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள். நான் போய் வருகிற கல்லூரியின் பெயரை எழுதவில்லை. பங்குனி எல்லா வளாகத்துக்கும் ஒன்றுதான்.

பெருக்குகிற அக்கா ஆறரைக்கே சருகைக் குவித்துவிடுகிறார். நடைபாதை நெடுகக் குவியல் குவியலாக. வேப்பஞ்சருகு லேசு, காற்றில் பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு குவியல் மேலும் ஒரு தென்னை மட்டை.

ஏழு மணிக்குப் புகை.

"குப்பையை எரிக்காதீர்" என்று மதிலில் பச்சை எழுத்து. அதன் அடியிலேயே ஒரு குவியல் எரிகிறது. கேட்டேன்.

"வண்டி வராது அண்ணாச்சி. எட்டு மணிக்குள்ள இடம் சுத்தமா இருக்கணும்ங்காக. நான் எங்க கொண்டு போட?"

நியாயமான கேள்வி. மதிலில் எழுதியவர்கள் கொட்டுகிற இடத்தையும் காட்டியிருக்க வேண்டும்.

மூடாக்கு. இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன சொல். மண்ணை வெயிலில் நிர்வாணமாக விடாதே, சருகைப் போட்டு மூடு. அவர் 1960களில் வேலை பார்த்தது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில். இங்கிருந்து கிழக்கே, மானாவாரிக் கரிசல். அந்த வேலையை விட்டு வெளியே வந்தவர்தான் பின்னால் நமக்குத் தெரிந்த நம்மாழ்வார்.

எரிகிற குவியலுக்கு இருபது அடி தள்ளி ஒரு நாவல் கன்று. தூரில் மண் வெடித்துக் கிடக்கிறது.

மார்ச் 20 சிட்டுக்குருவி நாள். 21 காடுகள் நாள். 22 தண்ணீர் நாள். அறிவிப்புப் பலகையில் மூன்று சுற்றறிக்கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக. தண்ணீர் மேலே. குருவியின் வால் மட்டும் வெளியே தெரிகிறது.

குழி எடுக்கிறவர்கள் மரம் நடு விழாவுக்கு முந்தின நாளே வந்துவிட்டார்கள். இரண்டு பேர், இரண்டு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு பிளாஸ்டிக் குடம்.

"மேல்மண்ணு லேசா வந்துரும். ஒரு அடிக்குக் கீழ சுக்காம்பாறை. அதுக்கப்புறம் கை விட்டுப் போகும்."

இரண்டடி ஆழம் பேச்சு. பல குழிகள் ஒன்றரை அடியோடு நிற்கின்றன. அந்த அரை அடியை வேர் மூன்றாம் வருஷம் வந்து பார்க்கும்.

மலையடியில் செம்மண், சரளை. கிழக்கே போகப் போகக் கரிசல். கல்லூரி நிற்பது சரளையில். முன்னால் இங்கே என்ன விளைந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சோளம். பருத்தி. ஒன்றும் விளையவில்லை, ஆடுதான் மேய்ந்தது.

விழா. ஒரு கன்றின் மேல் ஒன்பது கை.

கன்றின் நுனி இலை இரண்டு கைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கையை எடுக்கவில்லை.

புங்கை, நாவல், பூவரசு, கொஞ்சம் மகாகனி. மயில்கொன்றையும் இருக்கிறது, மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். சித்திரையில் அது சிவக்கிற அழகை எல்லோரும் சொல்கிறார்கள். அதே சித்திரையில் மலையடியில் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கும். அதன் கன்று ஒன்றுகூட வந்தவற்றில் இல்லை.

நல்லவேளை, கோனோகார்பஸ் இல்லை. அரசே நட வேண்டாம் என்று சொன்ன பிறகும் சில மதில் ஓரங்களில் அது வரிசையாகப் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்க்கிறேன். ஆடு தின்னாது. சீக்கிரம் வளரும். மதிலை மறைக்கும். ஆள் நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் அதன் பலம்.

விழா முடிந்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு குழிகளைச் சுற்றி நாற்றுப் பைகள். கறுப்பு பாலித்தீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை வீசும் பிளாஸ்டிக்குக்குத் தடை. வனத்துறை, தோட்டக்கலை நாற்றுப் பைகளுக்கு அதில் விலக்கு உண்டு. வேறு எதில் நாற்று வளர்ப்பது என்பதும் கேள்விதான். கொட்டாங்குச்சியில் வளர்க்கிறார்கள். ஓலைக் கொட்டானில் வளர்த்துப் பார்க்கலாம்.

ஒரு கன்றைப் பையோடே நட்டிருக்கிறார்கள். மண்ணுக்கு மேலே ஒரு விரல் அளவுக்குக் கறுப்பு விளிம்பு தெரிந்தது.

நாட்டு நலப்பணித் திட்டப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான். இரண்டு பேருமாகக் குனிந்து கையால் மண்ணைப் பறித்தோம். பை கீழே மட்டும் பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தது. முழுசாக உரித்தோம். வேர் பைக்குள்ளேயே நாலைந்து சுற்று சுற்றி, அடியில் சும்மாடு மாதிரி சுருண்டு கிடந்தது. அவன் விரலால் ஒவ்வொரு வேராகப் பிரித்தான். ஒன்று அறுந்தது. "செத்துருமா சார்?" சாகாது என்றேன். அறுந்த இடத்தில் புது வேர் வரும். சுருண்டபடியே விட்டிருந்தால்தான் அது தன்னையே நெரித்துக்கொள்ளும்.

அவன் மற்றக் கன்றுகளையும் போய்ப் பார்த்தான். யாரும் சொல்லாமலே.

நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு. ஒரு மாணவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240. வேர் பிரித்த அரை மணி நேரம் அந்தப் பதிவேட்டில் ஏறுமா தெரியவில்லை. ஏற வேண்டும்.

பந்தியில் வாழை இலை. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஐந்து வருஷம் முன்னால் இதே பந்தலில் மேசை நெடுகத் தண்ணீர் பாக்கெட் கிடந்தது.

விழா பேனர் ஒன்று. ஃபிளெக்ஸ். பச்சைப் பூமியை இரண்டு கைகள் தாங்குகிற படம். விழா முடிந்ததும் குழி எடுத்தவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டுக் கொட்டிலுக்கு.

ஏப்ரல் 22 பூமி நாள். அது கல்லூரிப் பிள்ளைகளை நம்பிப் பிறந்த நாள். 1969இல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய் கசிந்து பரவியது. அதைப் பார்த்த விஸ்கான்சின் செனட்டர் கேலார்ட் நெல்சன் அடுத்த வருஷம் ஒரு நாள் குறித்தார். வசந்த விடுமுறை முடிந்திருக்க வேண்டும், கடைசித் தேர்வு தொடங்கியிருக்கக் கூடாது. 1970 ஏப்ரல் 22, புதன்கிழமை. இரண்டு கோடிப் பேர் திரண்டார்கள் என்பது கணக்கு.

அங்கே ஏப்ரல் என்றால் பனி உருகி மண் இளகுகிற நேரம்.

இங்கே அது சித்திரை ஒன்பது. கிணற்றில் அடிப் படி தெரிகிற நேரம்.

மரம் நடும் வன மகோத்சவம் ஜூலை முதல் வாரம். 1950இல் மத்திய வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கியது. வடக்கே பருவமழை இறங்குகிற சமயம். அந்த ஆனி மாதத்தில் குற்றாலத்துக்குச் சாரல். எங்களுக்குக் காற்று.

சிவகிரிக்கு மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். ஐப்பசியில் நட்டால் பாதித் தண்ணீரை வானமே ஊற்றிவிடும். ஒரு பேராசிரியரிடம் சொன்னேன். நவம்பரில் பருவத் தேர்வு என்றார். உண்மைதான். ஆனாலும் ஒரு நாள், ஒரே ஒரு சனிக்கிழமை, கிடைக்காதா?

சங்கரன்கோவில் ரோட்டில் போனால் காற்றாலைகள். பங்குனியில் இறக்கை அசையாமல் நிற்கின்றன. வைகாசியில் சுற்றத் தொடங்கும். அவற்றுக்கு அவற்றின் பருவம்.

விடுதி மொட்டை மாடியில் சூரியத் தகடுகள். பங்குனிப் புழுதி அப்பிக் கிடக்கிறது. வாரம் ஒருமுறை கழுவுகிறார்கள். கழுவின தண்ணீர் குழாய் வழியாக இறங்கிச் சுவரோரம் சொட்டுகிற இடத்தில் ஒரு முருங்கை. யாரும் நட்டதில்லை. இந்த வளாகத்திலேயே கொழுத்து நிற்கிற மரம் அதுதான். விடுதிச் சாம்பாருக்குக் காய் அதிலிருந்துதான்.

குடிநீர் இயந்திரம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான தண்ணீரை வெளியே தள்ளுகிறது. உப்பு அதிகம் அதில். முன்பு சாக்கடைக்குப் போயிற்று. இப்போது ஒரு தொட்டியில் பிடித்துக் கழிப்பறை கழுவ எடுக்கிறார்கள். ஒரு மாணவி யோசனை சொல்லி, பிளம்பர் இரண்டு மணி நேரத்தில் முடித்த வேலை. இந்த வருஷம் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விழா இல்லை, படம் இல்லை.

அதே தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றப் போனார்கள். தோட்டத்துப் பெரியவர் தடுத்துவிட்டார். ஒரு வாட்டி ஊத்தலாம், தெனம் ஊத்துனா உப்புப் பூத்துரும் என்றார். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தது 2003இல். நிர்வாகக் கட்டடத்தின் பின்னால் வட்ட மூடி போட்ட தொட்டி இருக்கிறது. தூக்கிப் பார்த்தோம். அடியில் சருகு மக்கிய கறுப்பு மண். சாக்பீஸ் துண்டுகள். இரண்டு பேனா மூடி. ஜல்லி கண்ணில் படவே இல்லை, வண்டல் மூடிவிட்டது. ஒரு தேரை எங்களையே பார்த்தது.

தூர்வார நல்ல மாதம் பங்குனி, சித்திரைதான். காய்ந்திருக்கிறது. ஆளுக்கு ஒரு சட்டி மண் எடுத்தால் ஒரு காலைப் பொழுதில் முடியும். மழை நாளில் இதைச் செய்ய முடியாது. நடுவதற்கு ஆகாத மாதம், தூர்வாருவதற்கு ஆகும்.

அந்தக் கறுப்பு மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். காட்டு வாசனை.

சுற்றுச்சூழல் கல்வித் தாள். இளங்கலைப் பிள்ளைகள் எல்லோரும் எழுத வேண்டும். இதன் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்தது, உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22இல் ஆணையிட்டது. கல்லூரிப் பாடமாக எங்கும் நிலைபெறப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வணிகவியல் படிக்கிற பெண் பஸ்ஸில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வாசுதேவநல்லூர் வரைக்கும் அதே மலை.

புத்தகத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு. முக்கியம், 5 மார்க்.

பெரியாறு பிறக்கும் இடம் சிவகிரி மலை. கேரளப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். 244 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேருகிறது. சிவகிரிப் பையன்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

செண்பகவல்லி அணை தெரியுமா என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. மலை மேலே உடைந்து கிடக்கிற தடுப்பணை. அது சரியாக இருந்தால் இந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும் என்று தாத்தா சொல்ல, அப்பா சொல்ல, கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். மனு, வழக்கு, போராட்டம். மேலே போய்ப் பார்த்தவர்கள் வெகு சிலர். பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு.

கிராமத் தங்கல் பயிற்சி. வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் ஊருக்குள் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். ஐந்தாறு பெண்கள் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு எலுமிச்சைத் தோட்டத்தில். எண்ணெய் டின் தகரத்தில் மஞ்சள் பெயிண்ட், மேலே விளக்கெண்ணெய். வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். தோட்டக்காரர் பொறுமையாகக் கேட்டார். தகரத்தில் ஒட்டியதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஈக்கு வெச்சிட்டீக. ஆனைக்கு என்ன வெப்பீகம்மா?"

ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. ஒருத்தி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். போன வாரம் எத்தனை தென்னை சாய்ந்தது, எந்தப் பக்கமாக வந்தது, எந்த வாய்க்காலில் தண்ணீர் குடித்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். பயிற்சி ஏட்டில் அதற்குப் பக்கம் கிடையாது. கடைசித் தாளில் எழுதினாள்.

மலையடிக் காடு 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். சிவகிரி வனச்சரகம் அதில் சேர்த்தி. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் மாந்தோப்பு.

பங்குனி உத்திரம். வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா, அநேகமாக மலையடியில், ஓடைக்கரையில், பெரிய மரத்தடியில். அந்த மரத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். யார் நட்டது என்றும் தெரியாது. திரும்பி வந்த ஒரு பையனிடம் கேட்டேன், என்ன மரம்? மருது என்றான். இன்னொருவன் இலுப்பை என்றான். மூன்றாமவன், பேர் தெரியாது சார், பெரிய மரம்.

கோயில் ஓடையில் பிளாஸ்டிக் டம்ளர் மிதந்ததையும் அவர்களே சொன்னார்கள். அடுத்த வருஷம் முந்தின நாளே போய் நிற்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். எழுதி வைக்கிறேன், அடுத்த பங்குனிக்கு நினைவுபடுத்த.

சோறு. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கரும்பலகை. நேற்று வீணானது இத்தனை கிலோ என்று தினமும் எழுதுகிறார்கள். ஞாயிறு மதியம் எண் இறங்குகிறது. ரவை உப்புமா காலைகளில் ஏறுகிறது. எழுதுகிற பையனும் சமைக்கிற மாஸ்டரும் உட்கார்ந்து பேசினால் நல்லது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் எட்டு சைக்கிள். பக்கத்தில் பைக் இடம் போதாமல் வேலிக்கு வெளியேயும். சைக்கிள் எட்டில் ஆறு, காவலர்களுடையதும் சமையல்காரர்களுடையதும்.

குருவிப் பெட்டி. சிட்டுக்குருவி நாளுக்கு மரப்பெட்டிகள் மாட்டினார்கள். மேற்குச் சுவரில். பங்குனி மாலை வெயில் நேராக அதன் மேல். குருவிகள் வரவில்லை. மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிற இடுக்கில் வைக்கோலும் நூலுமாக ஒரு கூடு இருக்கிறது. எலக்ட்ரீஷியன் அந்தப் பக்கத்து சுவிட்சைத் தொட வேண்டாம் என்று டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது. ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. குஞ்சு பறந்த பிறகுதான் வெளிச்சம். எலக்ட்ரீஷியனுக்கு அந்தச் செய்தி தெரியாது. சொன்னேன். "அப்படித்தான செய்யணும்" என்றார்.

பெட்டிகளைக் கிழக்குச் சுவருக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

சூறைக்குருவிகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் விளையாட்டுத் திடலுக்கு மேலே கூட்டமாக வந்து, விரிந்து, சுருங்கி, சீமைக்கருவேலத்தில் விழுகின்றன. மத்திய ஆசியாவுக்குத் திரும்ப வேண்டிய பறவை. கிளம்பும் நாள் நெருங்குகிறது. கபடிப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஒருவன் மட்டும் கோட்டில் நின்று மேலே பார்த்துப் பிடிபட்டான்.

சீமைக்கருவேலத்தை வெட்ட ஆள் வரப்போகிறது. வெட்டத்தான் வேண்டும். பறவைகள் போன பிறகு வெட்டட்டும்.

பிப்ரவரியில் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு. நான்கு நாள், உலகம் முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்போடு ஒரே சமயம். பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று கண்டதைக் கேட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த உலகக் கணக்கெடுப்பு 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியா 2013இல் சேர்ந்தது. இந்தக் கல்லூரியிலும் இந்த வருஷம் செய்தார்கள். முடிந்த பிறகும் ஒரு பெண் நிறுத்தவில்லை. கணினி அறிவியல் மாணவி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் தண்ணீர்த் தொட்டி பக்கம் நிற்கிறாள். நோட்டில் ஒரு பக்கம் பார்த்தேன். செம்போத்து 1. பஞ்சுருட்டான் 4, கம்பியில். மைனா, எண்ணவில்லை. அடியில், வாலாட்டி இன்று இல்லை.

இல்லாததையும் எழுதியிருக்கிறாள்.

மலைக்கு அந்தப் பக்கம், பய்யன்னூர் கல்லூரியில் ஜான் சி. ஜேக்கப் என்று ஒரு விலங்கியல் ஆசிரியர் இருந்தார். 1970களில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்து, பேசாமல் நடக்கச் சொல்லிக் கொடுத்தார். சைலன்ட் வேலிக்கு அணை வரக்கூடாது என்று கேரளத்தில் குரல் எழுந்தபோது முன்னால் நின்றவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் நிறையப் பேர். எம்.கே. பிரசாத் தாவரவியல் வாத்தியார்.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 365 ஏக்கர். 1937இல் நகரத்துக்குள்ளிருந்து அங்கே போனபோது முள்ளும் புதரும். அந்த வளாகத்தை மரமாக்கிய எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் ஆசிரியர். செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஒரு காட்டுச் செடிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே மான் திரிகிறது.

வேதியியல் ஆசிரியர், கணினி மாணவி, எலக்ட்ரீஷியன்.

புளி உலுக்குகிறார்கள். மாசி, பங்குனி அதற்கான மாதம். மதுரை ரோட்டுப் புளியமரங்களில் எண் எழுதியிருக்கிறது, நெடுஞ்சாலைத் துறை மரம். பழம் ஏலம் விட்டது. கல்லூரி வாசலுக்கு நேரே நிற்பதில் ஒருவர் ஏறிக் கிளையை ஆட்ட, கீழே இரண்டு பெண்கள் சேலையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் பொறுக்கித் தின்கிறார்கள். இந்த ரோட்டை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு. எண் எழுதிய மரத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எந்தக் கணக்குக்கான எண் என்று பயமாக இருக்கிறது.

வளாகத்து மரங்களுக்கும் எண். பெயர்த் தகடும் உண்டு. ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். பழைய பூவரசில் ஆணியைப் பட்டை விழுங்கிவிட்டது. தகடு பாதி உள்ளே போய், தாவரப் பெயரின் பின்பாதி மரத்துக்குள் இருக்கிறது. கம்பிச் சுருள் போட்டுக் கட்டினால் மரம் பெருக்கப் பெருக்க அதுவும் விரியும். சொல்லியிருக்கிறேன்.

பசுமைத் தணிக்கை. தர மதிப்பீட்டுக்கு வேண்டும். நான் பார்த்த படிவத்தில் நட்ட மரங்களுக்கு ஒரு கட்டம். போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை யாராவது பேனாவால் வரைந்து சேர்த்தால் போதும், எல்லாம் மாறும் என்று நம்புகிறேன்.

தோட்டத்துப் பெரியவருக்கு அந்தக் கணக்கு வாயிலேயே இருக்கிறது. எந்தக் கன்றை ஆடு கடித்தது, எது கரையான், எது கிரிக்கெட் பந்து. செத்ததுக்கெல்லாம் காரணம் சொல்கிறார். பிழைத்ததுக்குக் காரணம் கேட்டால், தண்ணி என்று மட்டும் சொல்கிறார்.

குழாய் எட்டாத கன்றுகளுக்குக் குடத்தில் சுமக்கிறார். ஒரு கன்றுக்கு ஒரு குடம், ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி வரிசைக்குப் பழைய மண்பானைகளைப் பதித்திருக்கிறார். அடியில் சின்ன ஓட்டை, அதில் துணித்திரி. பானை வாயைத் தேங்காய் ஓட்டால் மூடியிருக்கிறார், கொசு வராமலிருக்க. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, சின்ன வயதில் மாங்கன்றுக்கு அவர் அம்மா வைத்ததாம்.

அந்த வரிசையில் மட்டும் மண் ஈரம்.

புங்கை தளிர்த்துவிட்டது. பளபளவென்று. முற்றிய இலைகளில் விரல் விரலாகப் புடைப்பு, சிலந்திப்பேன் கட்டிய வீடு. நோய் என்று மருந்தடிக்கக் கிளம்பினார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, விடச் சொன்னார் தாவரவியல் வாத்தியார்.

வேம்பு பற்றியும் அவரிடம் கேட்டுவிட்டேன். மொட்டையாக நின்ற மரத்தின் கீழேதான் வாகனங்களுக்கு சிமெண்ட் கல் பதித்திருக்கிறது. தூர்வரைக்கும். "அதுக்கு வேர்ல ஈரம் போகல. முந்திக்கிட்டு உதிர்க்குது." தூரைச் சுற்றி நாலடிக்குக் கல்லைப் பெயர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

மே 4 அக்கினி நட்சத்திரம் தொடக்கம். அதற்குள் தேர்வு முடிந்து விடுதி காலி. பெரியவருக்கும் மே மாதம் முழுக்க வேலை கிடையாது, தினக்கூலி.

வேர் பிரித்த பையன் சிவகிரிக்காரன். "லீவுலயும் நான் உள்ளூர்தான் சார். சாவி குடுத்தா ரெண்டு நாளைக்கு ஒருக்க வந்து மோட்டார் போட்டு ஊத்திருவேன். தோட்டத்துத் தாத்தாவுக்கும் ஏதாச்சும் குடுத்தா அவுகளும் வருவாக."

மோட்டார் அறைச் சாவி அலுவலகத்தில். பொறுப்பாளர் வியாழக்கிழமை இருப்பார். கேட்க வேண்டியவை: மாணவன் கையில் சாவி கொடுக்க யார் கையெழுத்து வேண்டும். மே மாதக் கூலியை எந்தக் கணக்கில் எழுதலாம். கடைசி வரிசைக்கு இன்னும் எத்தனை பானை.